தேர்ந்தெடுக்கப்பட்ட மாரிகள்

மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்ற அன்றைக்கே ஒரு கேள்வியும் கூடவே எழுந்து நின்றது. இந்த உடம்பால் எவ்வளவுதான் முடியும்? மல்லர்கள் தேடினார்கள், முனிவர்கள் தேடினார்கள், மருத்துவர்கள் தேடினார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கிடைக்காத விடை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில் வெளியாக இருந்தது. தட்டச்சில் ஓர் எழுத்து தவறிவிட்டதால் பதினொன்றேகாலுக்குத் தள்ளிவைத்தார்கள்.

விடையைக் கையில் வைத்திருந்தவர் மு. வெற்றிக்கதிரவன். கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநர். வயது நாற்பத்தாறு. டிராக் சூட்டுக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுக்கு மேல் விசில். ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தாயிற்று. இன்றைக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் முனைவர்.

தேறியே ஆகவேண்டும். மாலை நான்கு மணிக்கு அவருடைய கல்லூரியில் விளையாட்டு அறிவியல் மையம் திறக்கிறார்கள். கல்வெட்டு பதித்தாயிற்று. 'இயக்குநர்: முனைவர் மு. வெற்றிக்கதிரவன்' என்று கருங்கல்லில் வெட்டி, மேலே மஞ்சள் திரை போட்டாயிற்று. அவர் முனைவராகத் திரும்பாவிட்டால் கணக்குப் பேராசிரியரை இயக்குநராகப் போடுவதாக ஏற்பாடு. கணக்குப் பேராசிரியர் ஏற்கெனவே முனைவர். பந்தைக் கண்டால் குடையை விரிப்பவர். கல்தச்சர் உளியைத் தீட்டிக்கொண்டு கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆய்வின் தலைப்பு இது: 'பன்னிரண்டு வார ஓட்டப் பயிற்சியால் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாறிகளில் ஏற்படும் முன்னேற்றம்.' மாறி என்றால் மாறக்கூடியது. அளந்து எழுதக்கூடியது. அவருடைய நான்கு மாறிகள் வேகம், மூச்சடக்கும் நேரம், பதற்றம், தாண்டும் தூரம். எல்லாம் பெரிய ற. பல்கலைக்கழகம் ஒப்புதல் கொடுத்த தாளில் சின்ன ர விழுந்திருந்தது.

'தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாரிகளில் ஏற்படும் முன்னேற்றம்.'

ஏழு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை. காலை பத்து இருபதுக்குக் கூடத்தின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில்தான் பார்த்தார்.

பிரிவு அலுவலகத்துக்குப் போகும் நடைபாதை வட்டமாக இருந்தது. நானூறு மீட்டர். சுண்ணாம்பில் ஆறு தடம் போட்டிருந்தார்கள். முதல் தடம் கோப்புகளுக்கு. கடைசித் தடம் பொதுமக்களுக்கு. 'நடந்தால் நீளும்' என்று ஒரு பலகை தொங்கியது.

வெற்றிக்கதிரவன் நடந்தார். நீண்டது. வேறு வழியில்லாமல் ஓடினார். முதல் தடத்தில் ஒரு கோப்பு அவரைத் தாண்டிப் போயிற்று. அதை யாரும் தூக்கிவரவில்லை. அதற்கு மூச்சும் வாங்கவில்லை.

முடிவுக்கோட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் பிரிவு அலுவலர் செங்கமலவல்லி. ஒரு கையில் முத்திரை, ஒரு கையில் ஸ்டாப் வாட்ச்.

"ரெண்டு நிமிஷம் நாப்பது" என்றார். "நேத்து பென்ஷன் விஷயமா ஒரு பெரியவர் வந்தார். ஒண்ணு அம்பது."

"மேடம், என் தலைப்புல எழுத்துப்பிழை."

"எங்க?"

"மாறின்னு இருக்கணும். மாரின்னு இருக்கு."

"ரெண்டும் காதுக்கு ஒண்ணுதானே?"

"காதுக்கு ஒண்ணு மேடம். அறிவியலுக்கு வேற."

செங்கமலவல்லி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தலைப்பு சிண்டிகேட்ல பாஸாயிருச்சு. இனிமே தலைப்பை மாத்த முடியாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"உலகத்தை மாத்திக்கிடலாம். படிவம் பதினேழு."

படிவம் எளிமையாகத்தான் இருந்தது. 'தலைப்பில் கண்டபடி நான்கு மாரிகளை நேரில் ஆஜர்படுத்துகிறேன்' என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. போட்டார்.

"பதினொன்றேகாலுக்குள்ள முடிச்சுக் கொண்டாங்க. முன் அளவு, பன்னிரண்டு வாரப் பயிற்சி, பின் அளவு."

"முக்கால் மணி நேரத்துல பன்னிரண்டு வாரமா?"

"இந்த நடைபாதையில ஒரு சுத்து ஒரு வாரம்" என்று அதற்கும் முத்திரை குத்திக் கொடுத்தார். "போங்க சார். நின்னா பாதை சுருங்கும்."

வெற்றிக்கதிரவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் இல்லை, குஷி. இறுதியாட்டத்துக்கு முந்தின நிமிஷம் இப்படித்தான் அடிக்கும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். அடித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நெறியாளரிடம் யோசனை கேட்க லிஃப்டுக்குப் போனார். நெறியாளர் திருநீலகண்டன் மூன்று வருஷமாக லிஃப்டில்தான் இருக்கிறார். 'ஓடுவதற்கு முன் உடலைச் சூடேற்றுதல்' பற்றி நாற்பத்தொரு கட்டுரை எழுதியவர். சூடேற்றியதற்குப் பிறகு என்ன என்பதை அவர் எங்கேயும் எழுதவில்லை. கதவு திறந்தது.

"ஐயா, நாலு மாரி வேணும்."

"தேடாதே வெற்றி. விசிலை ஊது. அதாவது நம்ம துறையில எந்தக் கேள்விக்கும் பதில் என்னன்னா..."

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் மேலே போயிற்று. மேலே மாடி இல்லை.

விசிலை ஊதினார்.

முதலில் வந்தவர் கேன்டீன் மாரிமுத்து. கையில் வடைத் தட்டு. பின்னால் காவலாளி மாரிச்சாமி, தொப்பியைச் சரிசெய்தபடி. கடைசியாக மாரியம்மாள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். நடைபாதையில் குறுக்கே தண்ணீர் தேங்கியிருந்தது. மாரியம்மாள் சுண்ணாம்பு வாளியை இறக்கிவைக்காமல், புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு தாண்டி வந்தார். செங்கமலவல்லி மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "தாண்டினது ஒரு மீட்டர் நாப்பது" என்று எழுதிக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்.

"என்ன சார், கூப்பிட்டியளா?" என்றார் மாரிமுத்து.

"அண்ணாச்சி, நீங்கதான் என்னோட வேகம்."

"வடை எண்ணெயில கெடக்கு. வேகமா சொல்லுங்க."

"சொல்லியாச்சு. மாரியம்மாள், நீங்க மூச்சடக்கும் நேரம்."

"எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா அடக்குறதுதான்" என்றார் மாரியம்மாள்.

"எனக்கு எது சார்?" என்றார் மாரிச்சாமி.

"பதற்றம்."

"அது இருக்கு சார். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கு."

வெற்றிக்கதிரவன் மூன்று பேரையும் அளந்து எழுதினார். ஏழு வருஷத்தில் அவர் எதையும் நேரில் அளந்ததில்லை. எண்கள் தானாக வந்துவிடும். அவருக்கு முந்தைய ஆய்வேட்டிலிருந்து வரும். அதற்கு அதற்கு முந்தையதிலிருந்து.

மாரியம்மாள் விரல்விட்டு எண்ணினார். "நாலுன்னீக. மூணுதான இருக்கோம்? தாண்டுறதுக்கு ஆரு?"

"வருவாங்க" என்றார் வெற்றிக்கதிரவன். சொல்லிவிட்டு விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

பயிற்சி தொடங்கியது. மூன்று மாரிகளும் ஓடினார்கள். வெற்றிக்கதிரவன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பயிற்றுநர் ஓடக்கூடாது. ஓடினால் விசிலுக்குக் காற்று போதாது. இது மூன்றாம் அத்தியாயம்.

முதல் சுற்றில் தீபாவளி வந்தது. மாரிமுத்து ஓடியபடியே ஒரு பொட்டலம் அதிரசத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். வெற்றிக்கதிரவன் சாப்பிட்டார். ஐந்தாம் சுற்றில் கார்த்திகை. பொரி உருண்டை. ஏழாம் சுற்றில் மாரிச்சாமியின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்றாம் தடத்தில் பந்தி போட்டார்கள். பந்தி ஓடிக்கொண்டே இருந்தது. வெற்றிக்கதிரவனின் இலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. பாயசம் இரண்டு தடவை வந்தது.

"சார், பதற்றம் போயிருச்சு" என்று ஓடிக்கொண்டே கத்தினார் மாரிச்சாமி.

"முன்னேற்றம்!" என்று கத்தினார் வெற்றிக்கதிரவன். எழுந்து நிற்கப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. டிராக் சூட்டின் நாடாவை ஒரு முடிச்சுத் தளர்த்திக்கொண்டார்.

பன்னிரண்டாம் சுற்றில் பொங்கல். கரும்பைக் கடித்தபடி மூவரும் முடிவுக்கோட்டைத் தாண்டினார்கள். மாரிமுத்துவின் மீசை நரைத்துத் திரும்பக் கறுத்திருந்தது. சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்தைக் காட்டியது. அது அலுவலகக் கடிகாரம். உத்தரவு இல்லாமல் நகராது.

கூடம் நிரம்பியிருந்தது. வாய்மொழித் தேர்வு என்றால் ஐம்பது பேர் கையெழுத்து வேண்டும். ஐம்பது பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வடைக்காகக் காத்திருந்தார்கள். நெறியாளர் திருநீலகண்டன் லிஃப்டோடு வந்திருந்தார். லிஃப்ட் மேடையின் இடது பக்கத்தில் நின்றது.

வெளித் தேர்வாளர் தேவசகாயம் உயரம் தாண்டும் மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தார்.

"வணக்கம் ஐயா. பிரயாணம் சௌகரியமா?"

"நான் போகவே இல்லையேப்பா" என்றார் தேவசகாயம். "போன தேர்வே இன்னும் முடியலை."

மேலே கை காட்டினார். கூரைக்குக் கீழே கண்ணாடி போட்ட ஒருவர் முதுகை வளைத்து மிதந்துகொண்டிருந்தார்.

"செய்முறை விளக்கம்னு கிளம்பினார். மூணு வருஷமாச்சு. இறங்கினாத்தான் கையெழுத்துப் போட முடியும். நீ ஆரம்பி."

வெற்றிக்கதிரவன் ஆரம்பித்தார். உலகளாவிய உடல்திறன் நெருக்கடி என்றார். பாராதவர்களின் கண்ணைத் திறக்கப்போகும் முடிவுகள் என்றார். ஐம்பது பேரில் ஒருவர் கொட்டாவி விட்டார். அது பக்கத்து வரிசைக்குப் பரவிற்று.

"அதெல்லாம் கிடக்கட்டும்" என்றார் தேவசகாயம். "மாரிகளைக் காட்டு."

மூவரும் வந்து நின்றார்கள். தேவசகாயம் மெத்தையில் எழுந்து உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"முப்பது வருஷமா தேர்வாளரா இருக்கேன். இருநூத்திப் பதினாறு ஆய்வேடு. அட்டவணையிலதான் பாத்திருக்கேன். நேர்ல பாக்குறது இப்பத்தான். தொட்டுப் பாக்கலாமா?"

"தொடலாம்" என்றார் மாரிச்சாமி.

தேவசகாயம் அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். கூடத்தில் ஒரு சலசலப்பு. ஐம்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். கொட்டாவி விட்டவர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"இதுல எது சார்ந்த மாரி?"

"நான்தாங்கய்யா" என்றார் மாரிச்சாமி. "மச்சினன் வீட்டுலதான் இருக்கேன்."

"சாரா மாரி?"

"நான் ஆரையும் சார்ந்தவ கிடையாது" என்றார் மாரியம்மாள். "எங்க வீட்டுக்காரர்தான் என்னைச் சார்ந்திருக்காரு."

கைதட்டல் எழுந்தது. திருநீலகண்டன் லிஃப்டுக்குள்ளிருந்து, "அதாவது..." என்றார். கதவு மூடிக்கொண்டது.

"ஆய்வுக்கு இடையில புகுந்து குறுக்கிடுற மாரி ஒண்ணு இருக்குமே? அதை எப்படிக் கட்டுப்படுத்தினே?"

"வடை ஆறுது" என்றார் மாரிமுத்து. "குடுக்கவா, வேண்டாமா?"

"இவர்தான் ஐயா" என்றார் வெற்றிக்கதிரவன். "கட்டுப்படுத்த முடியலை."

"பிரமாதம்! இவ்வளவு நேர்மையான பதிலை நான் கேட்டதே இல்லை!" தேவசகாயம் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். வெற்றிக்கதிரவனின் காதுக்குள் மஞ்சள் திரை விலகும் சத்தம் கேட்டது.

பேனா நின்றது.

"தலைப்புல நாலுன்னு இருக்கு. தாண்டும் தூரம் எங்கே?"

மிதந்துகொண்டிருந்தவர்கூடக் கீழே பார்த்தார். நான்கு கிலோமீட்டர் தள்ளி, கல்தச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் எழுந்தது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அப்போது முதல் தடத்தில் ஒரு கோப்பு ஓடிவந்து கூடத்துக்குள் நுழைந்தது. அதன் பின்னால் செங்கமலவல்லி. கோப்பு மேசையில் ஏறித் தானாகத் திறந்துகொண்டது.

"நாலாவது மாரி இங்கேயேதான் இருக்கார்" என்றார் செங்கமலவல்லி. "பத்தாம் வகுப்புச் சான்றிதழ். பெயர், மு. மாரிக்கனி. கெசட்ல மாத்தி வெற்றிக்கதிரவன் ஆயிருக்கார்."

வெற்றிக்கதிரவனின் காது சிவந்தது.

இந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் தெரியாது. பதினெட்டு வயதில் மாவட்டக் கபடி அணிக்கு ஆள் எடுத்தார்கள். பலகையில் 'மாரி' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, புதுப் பனியன் வாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டு பேருந்து ஏறினார். முகாமில் போய் இறங்கியபோது அந்த மாரி வேறு மாரி. பெயர் கொடுத்ததில் ஏழு மாரி இருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டது ஒருத்தன். பனியனைப் பெட்டியைவிட்டு எடுக்காமலே ஊர் திரும்பினார். அடுத்த மாசமே கெசட்டுக்கு எழுதிப்போட்டார். இனிமேல் பலகையில் தன் பெயர் வந்தால் அது தன் பெயராக மட்டும்தான் இருக்கவேண்டும் என்று.

"நீ மாரியா?" என்றார் தேவசகாயம்.

கூடம் காத்திருந்தது. ஆமாம் என்றால் ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும். இல்லை என்றால் உளி.

"ஏன் சார், நம்ம ஆளுதானா நீங்க?" என்றார் மாரியம்மாள். "சொல்றதுக்கென்ன? பொண்ணு பாக்க வந்தப்ப நிக்கிற குமருபோல நிக்கீக!"

"ஆமாங்கய்யா" என்றார் வெற்றிக்கதிரவன். "நான் மாரிதான்."

"தேர்ந்தெடுக்கப்பட்ட மாரி" என்று திருத்தினார் தேவசகாயம். எழுதவும் எழுதினார்.

அந்தச் சொல் அவருக்குள் எங்கேயோ போய் விழுந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பனியன் ஒன்று தானாக விரிந்தமாதிரி இருந்தது. கோட்டைக் கழற்றி வீசினார். கொட்டாவிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"தாண்டு" என்றார் தேவசகாயம்.

மாரிமுத்துவும் மாரிச்சாமியும் நடுவிலிருந்த கம்பளத்தைச் சுருட்டினார்கள். அடியில் மணல் இருந்தது. மாரியம்மாள் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். நேராக விழுந்தது. அவர் கோடு எப்போதும் நேராகத்தான் விழும்.

வெற்றிக்கதிரவன் பின்னால் போனார். போகப் போகக் கூடம் நீண்டது. திரும்பியபோது மேடை கடுகளவு தெரிந்தது. "மாரி! மாரி! மாரி!" என்று ஐம்பது பேரும் கத்தினார்கள். எந்த மாரி என்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஓடினார். சுண்ணாம்புக் கோட்டை மிதித்தார். எழும்பினார்.

எழும்பியவர் எழும்பிக்கொண்டே இருந்தார். தாண்டும் தூரத்தைப் பற்றி இருபத்துமூன்று கட்டுரை எழுதியிருந்தும் மேலே இவ்வளவு காற்று இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்காரர் பக்கத்தில் மிதந்து வந்து கைகுலுக்கினார்.

"புதுசா?"

"ஆமா. உங்க மாறி எது?"

"சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"பெரிசு."

"எனக்கு ரெண்டும் இல்லை. ழ விழுந்திருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் விலகிப் போனார்.

கீழே நேரம் ஓடியது. மாரிமுத்து வடையைக் கொடுத்து முடித்தார். எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவி வந்தார்கள். ஒருவர் நன்றியுரை சொன்னார். லிஃப்டின் கதவு திறந்தது. திருநீலகண்டன் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முடித்தார். "அதாவது, என் மாணவர்." தேவசகாயம் கையெழுத்துப் போட்டார். செங்கமலவல்லி முத்திரை குத்தினார். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மாரிச்சாமி மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். போன பதற்றம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

வெற்றிக்கதிரவன் இறங்கினார். இரண்டு காலும் மணலில் ஒன்றாக விழுந்தன. மூன்று மாரிகளும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். யாரோ விசில் ஊதினார்கள். அவருடைய விசில்தான்.

மாலை நான்கு மணிக்கு மஞ்சள் திரை விலகியது. கல்வெட்டில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கல்தச்சர் ஸ்டூலை மடக்கி எடுத்துக்கொண்டு போனார். கணக்குப் பேராசிரியர் கைதட்டினார். எத்தனை தடவை தட்டினோம் என்று எண்ணியும் வைத்துக்கொண்டார். முனைவர் வெற்றிக்கதிரவன் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்ற நாளிலிருந்து தொடங்கினார்.

ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. முடிவுரை ஏழு மாசத்துக்கு முன்பே அச்சாகிவிட்டதால் அதில் கை வைக்கவில்லை. 'தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது' என்று இருக்கிறது. நான்காவது மாரியின் முன் அளவைச் செங்கமலவல்லிதான் கொடுத்தார். ஏழு வருஷத்துக்கு முன் வெற்றிக்கதிரவன் விண்ணப்பம் கொடுக்க வந்த அன்று மழை. அலுவலக வாசலில் தேங்கிய தண்ணீரை அவர் தாண்டி வந்ததை அப்போதே அளந்து எழுதிவைத்திருந்தார்.

இரண்டு அளவும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. பயிற்சிக்கு முன் எண்பத்தைந்து சென்டிமீட்டர். பயிற்சிக்குப் பின் எண்பத்து மூன்று.